போட்லியன்: இரவல் தராத நூலகத்தில் ஒரு புத்தகம் வாசகரின் மேசைக்கு வரும் வழி

சுவடிப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கூரை வேலைப்பாட்டை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1602 நவம்பர் 8 அன்று அந்த நூலகம் திறக்கப்பட்டது முதல் அதன் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒரு விதி: புத்தகம் வெளியே போகாது, வாசகர்தான் உள்ளே வர வேண்டும். உள்நாட்டுப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டையே தம் தலைநகராக வைத்திருந்த முதலாம் சார்லஸ் மன்னர் 1645இல் ஒரு பிரெஞ்சு வரலாற்று நூலை இரவல் கேட்டபோது, நூலகர் ஜான் ரூஸ் நூலக விதிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். அந்த மன்னரின் தலையை வாங்கிய தரப்பின் தலைவரான கிராம்வெல் 1654இல் போர்த்துக்கீசியத் தூதருக்காக ஒரு சுவடியைக் கேட்டபோதும் அதே பதில்தான் கிடைத்தது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. குளோஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரி கொடுத்த 281 கையெழுத்துப் படிகளுக்காகப் பல்கலைக்கழகம் கட்டிய மாடி அறை 1488இல் திறக்கப்பட்டது. மதச் சீர்திருத்தக் காலத்தில், 1550இல், அங்கிருந்த நூல்கள் ‘பழைய மதத்தின் மிச்சம்’ என்று அகற்றப்பட்டன. 1556இல் மேசைகளைக்கூட விற்றுவிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெற்று அறையாகக் கிடந்த இடத்தைத்தான் தூதர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தாமஸ் போட்லி 1598இல் தம் செலவில் மீட்டெடுக்க முன்வந்தார். (அவர் மணந்தவர் சாளை மீன் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஒருவரின் கைம்பெண். உலகின் புகழ்பெற்ற நூலகம் ஒன்றின் மூலதனத்தில் மீன் வாடையும் கலந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.) ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த இடம் என்பதால், இனி ஒன்றும் போகக்கூடாது என்ற எண்ணம் விதியாகவே எழுதப்பட்டது.

நான் பேச விரும்புவது அந்த விதியின் விலையைப் பற்றி. வாசகர் எடுத்துப் போக முடியாத நூலகத்தில், ஒவ்வொரு நூலையும் யாராவது ஒருவர் எடுத்து வந்து மீண்டும் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. நானூறு ஆண்டுகளாக அந்த வேலையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்? அறிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கிளைநூலகர்

தம்பி, நல்ல இழை. ஆனால் நான் எதிர்த்தரப்பிலிருந்து தொடங்குகிறேன். பொது நூலகத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், இரவல் தராத நூலகத்தை என்னால் முழுமனதோடு பாராட்ட முடிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், பயிற்சிக்காக லண்டன் சென்று அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர். 1931இல் வெளியான அவருடைய ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, நூல்களைச் சங்கிலியால் பூட்டிவைத்த பழைய ஐரோப்பிய வழக்கத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி மறுக்கிறார்.

போட்லியனும் அப்படிப்பட்ட சங்கிலி நூலகமாகத் தொடங்கியதுதானே? பெரிய நூல்கள் அனைத்தும் இரும்புக் கம்பியில் கோத்த சங்கிலியில் இருந்தன. சங்கிலி மாட்டுவதற்காக முதுகை உள்ளே தள்ளி, தாளின் விளிம்பு வெளியே தெரியும்படி அடுக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் சங்கிலிகளைக் கழற்றினார்கள். மன்னருக்குக்கூடத் தரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். மன்னருக்கே கிடைக்காதது தெருவில் போகிறவனுக்கு எப்படிக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

---

மழைநகர்

கிளைநூலகர் ஐயா, இரவல் தராதிருப்பதும் பயன்படுத்த விடாதிருப்பதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். நான் சில ஆண்டுகள் அங்கே ஆய்வு வாசகியாக இருந்தேன். வாசகர் அட்டை பெறும்போது ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நூலகத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்ல மாட்டேன், எதிலும் குறியிடவோ சேதப்படுத்தவோ மாட்டேன், நெருப்பையோ சுடரையோ உள்ளே கொண்டுவரவோ மூட்டவோ மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன், விதிகள் அனைத்துக்கும் கட்டுப்படுவேன் என்பதே அதன் சாரம். முற்காலத்தில் இது லத்தீனில் இருந்தது. இப்போது பற்பல மொழிகளில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு, நீங்கள் கேட்கும் நூலைக் கொண்டுவந்து தருவது அவர்கள் பொறுப்பு. அதை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கட்டடங்களே சாட்சி.

ராட்கிளிஃப் கேமரா என்னும் வட்ட மாளிகையின் அருகே, புல்தரைக்கு அடியில், 1912 வாக்கில் ஒரு நிலத்தடி நூற்கிடங்கு கட்டினார்கள். கூரையிலிருந்து தொங்கி உருளும் இரும்பு அலமாரிகள் அங்கே இருந்தன. அந்த வடிவமைப்பின் மூலக் கருத்து பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனுடையது. அதுவும் நிறைந்த பிறகு, பிராட் தெருவின் எதிர்ப்புறம் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டைக் கொண்டு ‘புதிய போட்லியன்’ எழுப்பினார்கள். 1940இல் கட்டி முடித்த அதன் நடுவில் பதினொரு தளங்களுக்கு நூற்கிடங்கு. தெருவுக்குக் கீழே சுரங்கப்பாதை, அதில் நூல்களைச் சுமந்து செல்லும் இயந்திரப் பட்டை, வாசகரின் கோரிக்கைச் சீட்டைக் காற்றழுத்தத்தால் உறிஞ்சிக் கிடங்குக்கு அனுப்பும் குழாய்கள் எல்லாம் இருந்தன. சீட்டு குழாயில் போகும், நூல் பட்டையில் வரும். இரண்டுக்கும் நடுவில், ஜன்னலில்லாத தளம் ஒன்றில், எண்ணைப் பார்த்துத் தேடி எடுக்கும் மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரை வாசகர் ஒருபோதும் பார்க்க மாட்டார்.

---

பழைய அலமாரி

அந்தப் பார்க்கப்படாத மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனெனில் சுவடிப்பெட்டியின் கேள்வி அதுதான்.

முதல் நூலகர் தாமஸ் ஜேம்ஸ். நூலகர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது போட்லியின் கருத்து. குடும்பம் இருந்தால் கவனம் சிதறும் என்று நினைத்தார். ஜேம்ஸ் மணம் செய்துகொண்டே தீருவேன் என்று நின்றதால், விருப்பமில்லாமல் அவருக்கு மட்டும் விலக்களித்தார். இருவரும் கடிதங்களிலேயே சண்டையிட்டுக்கொண்டு நூலகத்தை வளர்த்தார்கள். 1605இல் அச்சான நூற்பட்டியலைத் தயாரித்தவர் ஜேம்ஸ்தான். இத்தனைக்கும் நடுவில் கட்டடத்தில் குளிர்காய ஒரு கணப்பு இல்லை, மெழுகுவத்தி இல்லை. வாசகருக்கு விதித்த நெருப்புத் தடை ஊழியருக்கும் உண்டு. 1845 வரை வெப்பமூட்டும் வசதியே செய்யப்படவில்லை. செயற்கை விளக்கு 1929இல்தான் வந்தது. அதுவரை சூரியன்தான் நேரக் காப்பாளர்; இங்கிலாந்தின் டிசம்பர் மாதத்தில் அந்த அறைகளில் உட்கார்ந்து பட்டியல் எழுதிய விரல்களை நினைத்துப் பாருங்கள்.

நூலகர் தாமஸ் ஹைட் கீழைமொழிகளில் பெரும் அறிஞர். போட்லி காலத்திலிருந்தே, அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாத சீன நூல்களை வாங்கிச் சேர்த்துவந்தார்கள். எது தலை, எது கால் என்றுகூடத் தெரியாமல் அவை எண்பது ஆண்டுகள் இருந்தன. 1687இல் நான்ஜிங்கிலிருந்து வந்திருந்த ஷென் ஃபூசோங் என்ற இளைஞரை வரவழைத்து, ஒவ்வொன்றும் என்ன நூல் என்று கேட்டு ஹைட் குறித்துக்கொண்டார். படிக்க ஆளில்லாத நூலை வாங்கி வைப்பது வீண் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சேகரம் உருவாகியே இருக்காது. அப்பேர்ப்பட்ட ஹைட், அன்றாடம் வந்து அமரும் பணியின் சலிப்பையும் உடல் தளர்ச்சியையும் சொல்லி 1701இல் பதவி விலகினார். அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. நூலகப் பணி என்பது நாள் முழுவதும் படித்துக்கொண்டிருப்பது என்று வெளியில் இருப்பவர்கள்தான் நினைக்கிறார்கள்.

1882 முதல் 1912 வரை நூலகராக இருந்த நிக்கல்சன் காலத்தில் நிலைமை வேறு. பணம் போதவில்லை, நூல்கள் வெள்ளமாக வந்தன. பள்ளிச் சிறுவர்களை வேலைக்கு எடுத்து, நூல் எடுத்து வைக்கவும் சீட்டு ஒட்டவும் பழக்கினார். மலிவான கூலிக்குச் சிறுவர்களா என்று அன்றே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அவர்களைப் படிக்கவைப்பதிலும் தேர்வெழுதத் தூண்டுவதிலும் அவர் காட்டிய அக்கறை உண்மையானது. ஊழியர்களின் கடமைகளை நாள்வாரியாக அச்சிட்டு ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்ட மனிதரும் அவரே. மேலதிகாரியாக அவர் எளிதானவர் அல்லர். மூத்த துணைநூலகர்களோடு அவர் நடத்திய பூசல் நூலகத்தின் வரலாற்றிலேயே ஒரு தனி அத்தியாயம்.

---

கிளைநூலகர்

பழைய அலமாரி எழுதியதைப் படித்த பிறகு ஊழியர்களுக்கு என் வணக்கம். விதி மீதான ஐயம் மட்டும் தீரவில்லை. ஒன்றையும் வெளியே விடாத நூலகம் ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்பையே விற்றுவிட்டது என்று கேள்விப்பட்டேனே, அது எந்த விதியின் கீழ் வருகிறது?

---

மழைநகர்

விற்றது உண்மைதான் ஐயா. 1610இல் லண்டன் அச்சக வணிகர் சங்கத்தோடு போட்லி ஓர் ஒப்பந்தம் செய்தார். சங்கத்தில் பதிவாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி நூலகத்துக்கு வர வேண்டும். இன்றைய சட்டவைப்பு முறையின் முன்னோடி அது. போட்லிக்கோ நாடகப் புத்தகங்களைக் கண்டால் ஆகாது; அவற்றைக் குப்பை என்றே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் 1613இல் இறந்ததால், 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பு தடையின்றி உள்ளே வந்தது. 1624 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு நூற்கட்டுநர் ஒருவரிடம் கொடுத்து அட்டை கட்டிச் சங்கிலியிட்டார்கள். 1664இல் மூன்றாம் பதிப்பு வந்ததும், பழையது எதற்கு என்று மிகையான நூல்களோடு சேர்த்து விற்றுவிட்டதாகத் தெரிகிறது.

அது திரும்பி வந்த கதைதான் ஊழியர்களின் பெருமை. 1905இல் ஒரு மாணவர் தம் வீட்டிலிருந்த பழைய ஷேக்ஸ்பியர் தொகுப்பைக் கொண்டுவந்து, இதன் அட்டையைச் சீர்செய்ய வழி சொல்லுங்கள் என்று துணைநூலகர் மேடனிடம் கேட்டார். பழைய ஆக்ஸ்ஃபோர்டு நூற்கட்டுமானங்களை ஆராய்ந்து நூல் எழுதியிருந்த ஸ்ட்ரிக்லண்ட் கிப்சன் என்ற ஊழியர் அட்டையைப் பார்த்தார். அட்டைக்குப் பயன்படுத்திய தாள்களும் சங்கிலிக் கொக்கியின் வடுவும் அது போட்லியனின் சொந்தப் படிதான் என்று காட்டிக்கொடுத்தன. அந்தப் படியை வாங்க, அமெரிக்காவிலிருந்து ஒருவர் பெயர் சொல்லாமல் மாணவரின் குடும்பத்துக்கு 3000 பவுண்டு தருவதாகச் சொன்னார். அவர் ஹென்றி ஃபோல்ஜர் என்பது பின்னர் தெரிந்தது. அந்தத் தொகையைத் திரட்ட நிக்கல்சன் பொதுமக்களிடம் கையேந்தினார். 1906இல் புத்தகம் வீடு திரும்பியது. அதன் பக்கங்களில் எந்த நாடகத்தை மாணவர்கள் அதிகம் புரட்டினார்கள் என்பதுகூடத் தேய்மானத்தில் தெரிகிறது. ரோமியோ ஜூலியட் பக்கங்கள்தான் மிகவும் நைந்தவை. சங்கிலியில் இருந்தாலும் படித்திருக்கிறார்கள் ஐயா!

---

வெண்பலகை

இழையை அப்படியே தொடர்ந்து படித்தேன். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. நெருப்பு கூடாது, புகை கூடாது என்றெல்லாம் உறுதிமொழி வாங்கும் நூலகம், கீழ்த்தளத்தில் உள்ள பழைய இறையியல் மண்டபத்தைத் திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகிறது, படப்பிடிப்புக்கும் கொடுக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படப்பிடிப்பு நடந்த இடம் எது என்றுதான் கேட்கிறார்கள், சுவடி எங்கே என்று கேட்பதில்லை. இது நூலகமா, மண்டபமா?

---

சுவடிப்பெட்டி

வெண்பலகை, கோபம் புரிகிறது. ஆனால் சுவடி வாசிக்கும் அறையில் பந்தி போடவில்லையே. நூல்கள் இருக்கும் ஹம்ஃப்ரி அறைக்குக் கீழே உள்ளது, தேர்வும் விவாதமும் நடத்தக் கட்டிய மண்டபம்; கூட்டம் கூடுவது அதற்குப் புதிதல்ல. சடங்குகளும் எப்போதும் உண்டு. சில சடங்குகள் கோணலாகவும் முடிந்திருக்கின்றன: 1946இல் புதிய போட்லியனை முறைப்படி திறந்துவைக்க வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் வெள்ளிச் சாவியைத் திருப்பியதும், அது பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது.

அந்தக் கட்டடம் திறப்பு விழாவுக்கு முன்பே ஆறாண்டுகள் உழைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பிற இடங்களின் அரிய நூல்களுக்குப் புகலிடமாக இருந்தது. ஜெர்மன் முகாம்களில் இருந்த போர்க்கைதிகள் படித்துத் தேர்வெழுதுவதற்காகச் செஞ்சிலுவைச் சங்கம் நூல்களைத் திரட்டி அனுப்பிய பிரிவும் அங்கேதான் இயங்கியது. அவை நூலகத்துக்குச் சொந்தமானவை அல்ல என்பதால் விதி மீறப்படவில்லை. ஆனாலும் இரவலே தராத நூலகத்தின் கூரைக்குக் கீழிருந்து எல்லை கடந்து புத்தகங்கள் போயின.

2015இல் அதே கட்டடம் வெஸ்டன் நூலகம் என்ற பெயரில் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது, தரைத்தளத்தை யார் வேண்டுமானாலும் நுழையும் கூடமாக்கி, கண்காட்சி அறைகளை அங்கே அமைத்தார்கள். அட்டை இல்லாதவருக்கும், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் காண வாய்ப்பு வந்தது. அதன் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் படிகள் நான்கு இங்கே உள்ளன. கண்காட்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் வேண்டும். அதைக் கல்யாண விருந்து கொஞ்சம் தாங்குகிறது என்றால் நான் முகம் சுளிக்க மாட்டேன்.

---

வெண்பலகை

முழுமையாக ஒப்பவில்லை, ஆனால் போர்க்கைதிச் செய்தி புதியது. நன்றி.

---

பழைய அலமாரி

இந்தியச் சேகரத்தின் கதையைச் சொல்லாமல் இந்த இழையை முடித்தால் குறையாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் மானியர் வில்லியம்ஸ் இந்தியச் சிற்றரசர்களிடமும் மற்றவர்களிடமும் நிதி திரட்டி எழுப்பிய இந்திய நிறுவனக் கட்டடம் பிராட் தெருவின் கிழக்கு முனையில் உள்ளது. அதன் உச்சியில் திசைகாட்டியாக இன்றும் ஒரு யானை நிற்கிறது. 1927 முதல் அதன் நூலகம் போட்லியனின் கிளையாகியது. 1968இல் பல்கலைக்கழகம் கட்டடத்தை வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டு, நூல்களைப் புதிய போட்லியனின் மொட்டைமாடியில் கட்டிய தளத்துக்கு ஏற்றியது. இந்தியர்களின் நன்கொடையில் எழுந்த கட்டடத்தை இப்படிச் செய்யலாமா என்ற சர்ச்சை அன்று பெரிதாக எழுந்தது. நியாயமான சர்ச்சை என்றே கருதுகிறேன். நூல்களைப் பறிக்கவில்லை என்பது உண்மை, வீட்டைப் பறித்தார்கள் என்பதும் உண்மை.

சேகரத்தில் இருப்பவை சாதாரணமானவை அல்ல. 1881இல் பெஷாவர் அருகே பக்ஷாலி கிராமத்தில் மண்ணிலிருந்து கிடைத்த கணிதச் சுவடி 1902 முதல் இங்கே இருக்கிறது. பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய 70 ஏடுகள். சுழியைக் குறிக்கும் புள்ளிகள் அதில் உள்ளன. 2017இல் மூன்று ஏடுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளைக் காட்டின. மிகப் பழையது கி.பி. 3–4ஆம் நூற்றாண்டு. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கையெழுத்தும் கணித ஓட்டமும் ஒரே தொடர்ச்சியாக இருக்கும்போது ஏடுகள் மட்டும் பல நூறு ஆண்டு இடைவெளியில் எப்படி இருக்கும் என்று கணித வரலாற்று அறிஞர்கள் மறுத்தார்கள். எனக்கு மறுத்தவர்களின் வாதமே வலுவாகத் தெரிகிறது.

தமிழுக்கு நேரடியான தொடர்பும் உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அன்ரிக் அன்ரிக்கஸ், 1580இல் கொச்சியில் தமிழில் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேடு நெடுங்காலம் காணாமல்போன நூல் என்றே கருதப்பட்டது. அதன் படி போட்லியனில் இருப்பதைக் கிரஹாம் ஷா 1982இல் ஒரு கட்டுரையாக எழுதிய பிறகே ஆய்வுலகம் அறிந்தது. தமிழ் அச்சின் முதல் ஐம்பது ஆண்டுகளைச் சேர்ந்த நூல், தமிழ் படிப்பவர்கள் கண்ணில் படாமல் அங்கே காத்துக் கிடந்தது. ஜி. யு. போப் 1884 முதல் அதே ஊரில்தான் தமிழ் கற்பித்தார் என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

---

கிளைநூலகர்

இது என்னை அசைக்கிறது. இரவல் தரும் நூலகத்தில் அந்தக் கையேடு ஐம்பது ஆண்டுகூடத் தாங்கியிருக்காது. என் கிளையில் 1960களின் புத்தகங்களையே காப்பாற்ற முடியாமல் கழிவுப் பட்டியலில் எழுதியிருக்கிறோம். சரி, ஓர் அச்சு நூலுக்கு இந்த விதி பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். மின்னூலுக்கு?

---

மழைநகர்

அங்கேதான் நீங்கள் வெல்கிறீர்கள் ஐயா. 2013 முதல் பிரிட்டனில் மின்வெளியீடுகளுக்கும் சட்டவைப்பு உண்டு. சட்டவைப்பு உரிமையுள்ள ஆறு நூலகங்களில் போட்லியனும் ஒன்று. ஆனால் அப்படி வந்த மின்னூலை நூலகக் கட்டடத்துக்குள் உள்ள கணினியில் மட்டுமே படிக்கலாம். ஒரு நூலகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒரு நூலைத் திறக்க முடியும். தேயாத, கிழியாத, திருட்டுப்போக வழியில்லாத ஒன்றுக்குச் சங்கிலி எதற்கு? இது பதிப்பாளர்களின் வணிக அச்சத்துக்காகச் சட்டம் போட்ட பூட்டு; நூலகத்தின் விருப்பமல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில், இந்த மின்னூல்களுக்காக நூலகங்கள் சேர்ந்து பயன்படுத்திய கூட்டு அமைப்பே முடங்கியபோது, மற்ற நூலகங்களின் வாசகர்களும் சேர்ந்து இழந்தார்கள்.

அச்சு நூல்களின் நிலை இப்போது வேறு. புதிய கிடங்கை ஆக்ஸ்ஃபோர்டிலேயே கட்ட முயன்று, வெள்ள அபாயமும் நகரின் வானவிளிம்பும் காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. (இடமில்லாமல் செஷயரில் ஓர் உப்புச் சுரங்கத்தில்கூடச் சில காலம் புத்தகங்களை வைத்திருந்தார்கள்.) கடைசியில் 2010இல், சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, சுவிண்டன் அருகே 2.6 கோடி பவுண்டு செலவில் ஒரு பெருங்கிடங்கு திறந்தார்கள். அலமாரிகளின் மொத்த நீளம் 153 மைல். சுமார் 70 லட்சம் நூல்களை அங்கே மாற்றினார்கள். அங்கே பொருள்வாரி அடுக்கு இல்லை, அளவுவாரிதான். பட்டைக்குறி இல்லாமல் எந்த நூலையும் கண்டுபிடிக்க முடியாது. ஊழியர்கள் உயரத்தூக்கி வண்டியில் ஏறிப்போய் எடுக்கிறார்கள். சரக்கு வண்டிகள் நாள்தோறும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓடுகின்றன. சுரங்கப்பாதைப் பட்டை ஓய்ந்துவிட்டது. நூலைத் தேடி எடுக்கும் அந்த மனிதர் இப்போது நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறார்.

---

ஏட்டுவரி (புதிய உறுப்பினர்)

வணக்கம். பாவசங்கீர்த்தனக் கையேட்டை நேரில் காண விரும்புகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அல்லாதவருக்கும் வாய்ப்பு உண்டா?

---

மழைநகர்

உண்டு. வெளியாருக்கும் வாசகர் அட்டை தருகிறார்கள்; என்ன ஆய்வு, ஏன் இந்த நூல் என்று தெளிவாக எழுதி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். அரிய நூல்கள் வெஸ்டன் கட்டடத்தின் வாசிப்பறைக்குத்தான் வரும். அதை முன்கூட்டியே கோர வேண்டும். மின்படி இருந்தால் முதலில் அதையே பார்க்கச் சொல்வார்கள். தாள், கட்டுமானம், விளிம்புக் குறிப்பு போன்றவற்றை ஆராய வேண்டும் என்றால் அதைக் காரணமாகச் சொல்லுங்கள். பேனா உள்ளே அனுமதியில்லை, பென்சில் மட்டும். நூலைத் தாங்க மெத்தைத் தாங்கியும் பக்கத்தைப் பிடிக்க மணிக்கோவை எடையும் தருவார்கள். எப்படி வைப்பது என்று பொறுப்பாளரிடமே கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார். உறுதிமொழியை மறக்காமல் உரக்கப் படியுங்கள்.

---

கிளைநூலகர்

ஏட்டுவரி, பார்த்துவிட்டு வந்தால் அதன் எழுத்துருவைப் பற்றி இங்கேயே எழுதுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கவனித்துச் சொல்ல வேண்டும்.